பதினொரு பைச் சாம்பல் மண்

காலை 9.40

கோலாலம்பூரிலிருந்து வந்த விமானம் மிங்கலாடோனில் இறங்கும்போது நல்ல மழை. யாங்கோன் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. விமானத்தில் பாதி இருக்கைகள் காலி. குடிநுழைவு மேசையில் இருந்த இளம்பெண் நான் நீட்டிய அனுமதிக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "மண்ணா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மண்தான் என்றேன். அறுபத்தொரு வயதில், முழங்கால் வலியோடு, மழைக்காலத்தில் ஒருவன் மண் எடுத்துப் போக வந்திருக்கிறான் என்பதை அவள் நம்பவில்லை. ஆனாலும் முத்திரை குத்திவிட்டாள்.

நான் கோயம்புத்தூரில் மண் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செம்மண்ணும் கரிசலும் எனக்கு அத்துப்படி. மலைக்காட்டு மண் மட்டும் கடைசி வரை கைக்கு எட்டாத ஆசையாக இருந்தது. அந்த ஆசையை நிறைவேற்றியவர் இந்த ஊர்க்காரரான மாரிமுத்து. பர்மியர்கள் பெயருக்கு முன்னால் மரியாதைக்குப் போடும் 'கோ'வைச் சேர்த்து எல்லோரும் அவரைக் கோ மாரி என்பார்கள். காட்டிலாகாவில் சர்வேயர். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். கொரோனாவுக்கு முந்தைய ஒரு வருடத்தில் நாங்கள் இருவரும் இரண்டு மலைகளில் குழி வெட்டினோம். ஒன்று நாட்டின் வடகோடிப் பனிமலை. அங்கே பனியாறு அரைத்து இழுத்து வந்து போட்ட மண், மாவும் கல்லுமாக, முப்பது பை. மற்றது யாங்கோனிலிருந்து சுமார் அறுநூறு கிலோமீட்டரில் இருக்கும் போப்பா. அது அணைந்துபோன எரிமலை. அதன் மேல்காட்டில் சாம்பலிலிருந்து உண்டான கறுப்பு மண், பதினொரு பை.

அந்தப் பதினொன்றுக்காகத்தான் வந்தேன். நாங்கள் குழி வெட்டிய மேல்சரிவை அடுத்த மழையிலேயே மண்சரிவு கொண்டுபோய்விட்டது. மரமும் போயிற்று, மண்ணும் போயிற்று. பக்கத்துச் சரிவில் வெட்டலாம் என்றால் இன்றைக்கு அந்தச் சாலையில் யார் போவது? வழியெல்லாம் சோதனைச் சாவடி, சண்டை. ஆக, அந்தக் காட்டில் மிச்சமிருப்பது பதினொரு பைதான். அதுவும் யாங்கோனின் லான்மடா பேட்டையில், கோ மாரி வீட்டுக் கட்டிலுக்கு அடியில். கோ மாரியும் இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால், ஆக்சிஜனுக்கு ஊரே வரிசையில் நின்ற அந்த மழைக்காலத்தில் போய்விட்டார்.

காலை 10.30

டாக்சிக்கு முப்பத்தைந்தாயிரம் கியாட். நகரத்துக்குப் பதினாறு கிலோமீட்டர். ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கும். அம்மா தமிழ், அப்பா பர்மியர். "கேட்டா எல்லாம் புரியும் சயா. பேசத்தான் வாய் வராது," என்றார். வாத்தியார், டாக்டர், கொஞ்சம் படித்த தோற்றமுள்ள ஆள் எல்லோருமே இங்கே சயாதான். என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

எதற்கு வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தே விட்டார்.

"இங்கேருந்து எல்லாரும் வெளியே போறாங்க. என் மகன் தாய்லாந்து போயிட்டான். மகள் போக பேப்பர் பார்க்குது. நீங்க மண்ணை எடுக்க வந்தீங்களா?"

"உங்க மகன் என்ன பண்றார்?"

"மீன் பேக்டரி. பத்தொம்பது வயசு. இங்கே இருந்தா பட்டாளத்துக்குப் பிடிச்சிருவாங்க." பெட்ரோல் பங்க் ஒன்றில் அரைக் கிலோமீட்டருக்கு வண்டிகள் நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பகல் 12.00

லான்மடாவுக்குப் பக்கத்துப் பேட்டையான லத்தாவில் அறை, இரவுக்கு அறுபதாயிரம் கியாட். ஜெனரேட்டர் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று கதவின் பின்னால் எழுதி ஒட்டியிருந்தது. எதிர்க்கடையில் மூவாயிரம் கியாட்டுக்கு மொஹிங்கா, அந்த மீன்குழம்பு ஊற்றிய சேமியா, ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். மனம் பைகளிலேயே இருந்ததால் ருசி தெரியவில்லை.

சாம்பல் மண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. எந்த மண்ணை எடுத்தாலும் முதல் வேலை அதை நிழலில் உலர்த்துவது. எங்கள் தொழிலில் பிள்ளையார் சுழி அதுதான். ஆனால் எரிமலைச் சாம்பல் மண் அந்தக் கட்டுக்குள் வராது. ஈரத்தில் அது தன் எடைக்கும் மேலே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். விரலில் தேய்த்தால் வெண்ணெயாக வழுக்கும். ஒரே ஒரு முறை நன்றாகக் காய்ந்துவிட்டால் போதும், அதன் குணம் மாறிவிடும். பிறகு ஆற்றில் முக்கினாலும் பழைய மண் திரும்ப வராது.

இது மலையில் நின்றபோது எனக்கே தெரியாது. ஏழு விதிகள் அச்சடித்த தாளைக் கோ மாரியிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். முதல் விதி, நிழலில் உலர்த்து. நல்லவேளையாகப் பனிமலைப் பைகளை முதலில் உலர்த்திக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் கழித்து விஷயம் தெரிந்ததும் பதறிப்போய்ப் போன் செய்தேன். சாம்பல் பைகளை மட்டும் காயவிடாதீர்கள், ஈரக் கோணியில் சுற்றி, வாரம் ஒரு தடவை அளவாகத் தண்ணீர் ஊற்றி வையுங்கள் என்றேன். "சரி சயா" என்றார். அவர் சரி என்றால் நடந்தது என்று அர்த்தம். பிறகு கொரோனா, பிறகு ஆட்சி மாற்றம். அனுமதி, விசா என்று எதுவும் நகரவில்லை. பைகள் இங்கேயே தங்கிவிட்டன.

பிற்பகல் 2.15

லான்மடாவில் அந்தத் தெருவில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு தொங்குகிறது. நுனியில் கவ்வி, மேலே மணி. கீழே இருந்து இழுத்தால் வீட்டில் மணி அடிக்கும். இழுத்தேன். ஐந்தாம் மாடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கயிறு மேலே போய், கவ்வியில் சாவியோடு இறங்கி வந்தது. தொண்ணூற்றாறு படி. லிப்ட் கிடையாது.

கோ மாரியின் மனைவி தனலட்சுமி வாசலில் நின்றார். ஐம்பது வயது இருக்கும். கன்னத்தில் தனகா என்ற மரப்பட்டைச் சாந்து பூசி, கைலி மாதிரியான லோன்ஜி உடுத்தியிருந்தார். போனில் கேட்ட குரல்தான். நேரில் பார்ப்பது இதுவே முதல் முறை.

"வாங்க சயா. மீ இல்ல, இருட்டா இருக்கும், பார்த்து வாங்க." மீ என்றால் கரண்ட்.

கோ மாரியின் படத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்றேன். தேநீர் வந்தது. பிறகு அவராகவே கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு தகரப் பெட்டிகளை இழுத்தார்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் கோணியைத்தான் தேடினேன். ஈரக் கோணி இல்லை. பைகள் சுத்தமாக, ஒழுங்காக, வரிசை எண்ணோடு இருந்தன. ஒவ்வொன்றிலும் பர்மிய எழுத்தில் புதுச் சீட்டு. எந்த ஆய்வுக்கூடத்திலும் இவ்வளவு அழகான அடுக்கை நான் பார்த்ததில்லை.

"இதெல்லாம்..."

"நான்தான் சயா," என்றார் தனலட்சுமி. முகத்தில் ஒரு வெளிச்சம். "அவங்க போனதுக்கப்புறம் பார்த்தா, இந்தப் பதினொண்ணு மட்டும் ஈரக் கோணியில சுத்திக் கிடந்துச்சு. பூஞ்சை வேற. காய்ச்சல்ல விட்டுட்டாங்க போலன்னு நினைச்சேன். பெட்டி மூடியில உங்க பேப்பர் ஒட்டியிருந்தாங்க, பர்மாவுல மாத்தி எழுதி. அதுபடியே பண்ணேன்."

"எப்போ?"

"மழை நின்ன பிறகு. மொட்டை மாடியில பாய் விரிச்சு எட்டு நாள். நிழல்லதான் காயணும்னு போட்டிருந்துச்சே, அதனால வெயில் நகர நகரக் குடையை நகட்டிக்கிட்டே உக்காந்திருந்தேன். ஒரு பை மண்ணு இன்னொண்ணுல கலக்கல சயா."

நான் முதல் பையைத் திறந்தேன். காப்பிப் பொடி மாதிரி உதிரியாக, எடையே இல்லாமல் இருந்தது. உள்ளங்கையில் கொட்டி, டம்ளரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சேம்பிலை மேல் நிற்பது போலச் சொட்டு உருண்டு நின்றது. உள்ளே இறங்கவில்லை. இரண்டாவது பை, மூன்றாவது பை. பதினொன்றையும் பார்த்தேன். ஏதாவது ஒன்றில், மூலையில் ஒரு கட்டியாவது பிழைத்திருக்காதா என்று தேடினேன். இல்லை.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தண்ணி குடிக்க மாட்டேங்குதே," என்றார்.

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிரமாதம் தங்கச்சி என்று சொல்லி, எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு எடுத்துப் போயிருக்கலாம். ஆனால் அவர் அந்தச் சொட்டைப் பார்த்துவிட்டார். சொன்னேன். இந்த மண் காயக் கூடாத மண் என்று சொன்னேன். கோ மாரிக்கு அது தெரியும், அதனால்தான் கோணியை நனைத்து வைத்திருந்தார் என்றும் சொன்னேன்.

அவர் குனிந்து கட்டிலுக்கு அடியில் இருந்த பலகையைக் கையால் தடவினார். எங்கேயோ ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கட்டிலுக்கடியில தண்ணி ஊத்துவாங்க," என்றார். "சூட்டுக்கு ஊத்துறாங்கன்னு நினைச்சு, பலகை ஊறிப்போகுதுன்னு நான் திட்டுவேன். ஒண்ணும் சொல்லாம சிரிப்பாங்க."

"தப்பு உங்களுது இல்ல தங்கச்சி. என்னுது. அவர் போன மூணாம் நாள் நான் போன் பண்ணேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அழுதீங்க."

"மண்ணைப் பத்திச் சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல."

எங்கள் வீடுகளில் துக்கம் கேட்கிற இடத்தில் காரியப் பேச்சு எடுப்பதில்லை. எடுத்தவனை ஆயுசுக்கும் மனிதனாக மதிக்க மாட்டார்கள். கணவனைத் தகனத்துக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கோணியை நனைத்து வையுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? பதினாறு கழியட்டும் என்று இருந்தேன். கழிந்தது. ஒரு மாதம் போகட்டும் என்றேன். அதற்குப் பிறகு, இத்தனை நாள் பேசாதவன் மண்ணுக்காக மட்டும் பேசுகிறானே என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். என் பண்பாடு எனக்குப் பத்திரமாக இருந்தது, மண்தான் செத்துப் போயிற்று. அவர் குடை பிடித்து உட்கார்ந்திருந்த அந்த எட்டு நாளும் நான் கோயம்புத்தூரில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். தனலட்சுமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"சொல்லியிருக்கலாம் சயா," என்றார். "அப்ப எனக்கு வேற என்ன வேலை இருந்துச்சு? வெளியே போக முடியாது. யாரும் வர முடியாது. அவங்க ஊத்தின மாதிரி வாரம் ஒரு தடவை தண்ணி ஊத்துற வேலையாவது இருந்திருக்கும்."

பைகளின் வாயைக் கட்டி ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் காலை 11.00

பனிமலைப் பைகள் முப்பதும் நன்றாக இருந்தன. அவை காய்ந்தால் ஒன்றும் ஆகாது. அவற்றை எடுத்துக்கொண்டேன், பதினைந்து கிலோ. வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததைச் சுமந்து போகிறேன் என்ற நினைப்பு தொண்ணூற்றாறு படியும் கூடவே இறங்கியது. சாம்பல் பைகளை என்ன செய்வது என்று கேட்டேன். "இங்கேயே இருக்கட்டும்," என்றார்.

அதே டாக்சி. ஓட்டுநர் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "மண்ணு கிடைச்சுதா சயா?" என்றார். கிடைத்தது என்றேன். மழையில் யாங்கோன் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கோயம்புத்தூரில் எங்கள் கூடத்தில் ஆயிரக்கணக்கான பைகள் அடுக்கில் இருக்கின்றன, எல்லாம் முறைப்படி உலர்த்தியவை. அவற்றில் ஒன்றுக்காகக்கூட யாரும் குடை பிடித்ததில்லை.

பிற்பகல் 1.20

மிங்கலாடோனில் பெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. தனலட்சுமி அனுப்பியிருந்தார். கட்டிலுக்கு அடியில் பதினொரு பைகள், சுற்றிலும் கோணி, ஈரத்தில் கறுத்திருந்தது. பலகையில் தண்ணீர் ஓடியிருந்தது.

இந்த முறை தள்ளிப்போடவில்லை. உடனே கூப்பிட்டேன்.

"தங்கச்சி, இனிமே ஊத்தி ஒரு பிரயோசனமும் இல்லம்மா. அது திரும்பாது."

"தெரியும் சயா," என்றார். "எவ்வளவு ஊத்தணும்னு மட்டும் சொல்லுங்க."

கோ மாரிக்குச் சொன்ன அளவையே சொன்னேன். வாரத்துக்கு ஒரு டம்ளர்.