கலெக்டரை நடக்க வைத்த பெருமாள்சாமி

நாகல் நகரில் வீடு வீடாகப் போய் கரண்டு மீட்டரில் ரீடிங் எடுப்பது பெருமாள்சாமியின் வேலை. இருபது வருட சர்வீசில் அவருக்குப் பதவி உயர்வைவிட நாய்க்கடிதான் அதிகம் கிடைத்தது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட நாட்களில், நாயைப் படைத்த கடவுளையே ஏக வசனத்தில் திட்டியிருக்கிறார்.

அவர் ஏரியாவில் மிக மோசமானது ஒச்சம்மாளின் நாய். முயல் அளவுதான் இருக்கும். அதன் அனுமதி இல்லாமல் யாரும் கேட்டைத் தாண்ட முடியாது என்பதால் கலெக்டர் என்று பெயர். ஒச்சம்மாள், பிரசவ வார்டில் ஆயாவாக இருந்து ரிடையர் ஆனவர்; அதட்டல் மட்டும் இன்னும் ரிடையர் ஆகவில்லை.

1999 ஐப்பசியில் ஒரு காலை, வாசலில் நின்று கார்டில் ரீடிங் எழுதிக்கொண்டிருந்த பெருமாள்சாமிமேல் காம்பவுண்டுச் சுவரிலிருந்து கலெக்டர் பாய்ந்தது. அவர் விலகினார். அது சாக்கடைக்குள் விழுந்து, பின்னங்கால் தொடை எலும்பு முறிந்தது.

"நீ ஏப்பா வெலகுன? செத்த நேரம் அப்படியே நின்னா என்ன கொறஞ்சா போயிருவ?" என்றார் ஒச்சம்மாள்.

கால்நடை டாக்டர் ஆபரேஷன் செய்து எலும்புக்குள் கம்பி வைத்தார். "ஆறு வாரம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. வயித்துக்கு அடியில துண்டக் குடுத்துத் தாங்கிப் பிடிச்சு, தெனம் மூணு வேள அஞ்சு நிமிஷம் நடக்க விடணும்."

ஒச்சம்மாளுக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. அவரும் டாக்டரும், கூட வந்திருந்த பெருமாள்சாமியைப் பார்த்தார்கள்.

மறுநாள் ஆபீசில், "கலெக்டருக்குக் கால் ஒடிஞ்சிருச்சு சார், ஒரு மணி நேரம் பர்மிஷன் வேணும்" என்றார். அதிகாரி பதறி, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

லைன்மேனிடம் ரப்பர் கையுறை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் முதல் நாள் துண்டைப் பிடித்தார். தையலை நக்காமலிருக்க, பிளாஸ்டிக் மக்கின் அடியை அறுத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். கலெக்டர் அதற்குள்ளிருந்து முறைத்தது. கடிக்க முடியாத நாயிடம் இருபது வருடக் குறையையும் பெருமாள்சாமி கொட்டித் தீர்த்தார்.

மூன்று வாரமாகியும் அது காலை ஊன்றவில்லை. "ஊனலேன்னா சத வத்திரும்" என்றார் டாக்டர். அன்று மத்தியானம் பெருமாள்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாய்க்காக இப்படி ஆனதில் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் தன் டிவிஎஸ் வண்டியை வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, "யக்கா, வண்டிய செத்த முறுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை இறுக்கிப் பிடித்தார். வண்டி உறுமியது. வண்டியைத் துரத்தும் ஆவேசத்தில் கலெக்டர் வலியை மறந்து நாலு காலையும் ஊன்றிக் குரைத்தது.

"ஊனிட்டான் யக்கா!" என்று கத்தினார். அவர் கண் கலங்கியதற்குக் காரணம் வண்டிப் புகை என்று பிறகு சொல்லிக்கொண்டார்.

ஆறாவது வாரம் டாக்டர் மக்கைக் கழற்றினார். கலெக்டர் அறைக்குள் ஒரு சுற்று நடந்து வந்தது.

"பிரமாதம். யாரு நடக்க வச்சது?"

"நாந்தேன்" என்றார் ஒச்சம்மாள்.

பெருமாள்சாமியால் மறுக்க முடியவில்லை. அவருடைய பேண்டின் அடிப்பகுதி அப்போது கலெக்டரின் வாயில் இருந்தது. அதை விடுவிக்கவே டாக்டரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.