கர்ப்பூரக் கரியும் இவருடைய கைத்துவக்கும்

இவர் என்று நான் எழுதினால் அது என் வீட்டுக்காரர். கட்டின நாளிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எழுதும்போது மட்டும் எதற்கு? நான் சின்ன வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

இவர் கனடாவில், மிசிசாகாவில் இரும்பு கடையும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் இவரைத் துவக்குச் சுடும் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டார். வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து, கடைசியில் ஒரு பழைய ரிவோல்வரையும் வாங்கிக்கொண்டு வந்தார். எவர்சில்வர் துவக்கு. எங்கள் ஊரில் எவர்சில்வரில் செம்பும் வாளியும்தான் கண்டிருக்கிறேன். முன்பு வைத்திருந்தவன் அதை என்ன பாடுபடுத்தினானோ, உடம்பெல்லாம் கீறல். பிடியில் இருந்த ரப்பர் வெடித்து, பழைய செருப்பு மாதிரி இருந்தது. பேஸ்மென்ற்றில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டுப் போட்டு வைத்துவிட்டு, சனிக்கிழமைகளில் எடுத்துக்கொண்டு போவார். கடதாசியில் இருக்கும் கறுப்பு வட்டத்துக்குச் சுட்டுவிட்டு வருவார். வேறு ஒன்றையும் சுட்டதில்லை. எலி வந்தால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்.

எனக்கு அந்தத் துவக்கில் ஆசையும் இல்லை, கோபமும் இல்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை இருக்கிறதே, அது என்னுடையது. இவர் பென்சன் எடுத்த பிறகு மற்ற நாளெல்லாம் குசினியில் எனக்குப் பின்னால் நின்று, "இஞ்சேரும், நெருப்பைக் கொஞ்சம் குறையும், மூடியைத் திறவும்" என்று மேஸ்திரி வேலை பார்ப்பார். சனிக்கிழமை மட்டும்தான் நான் மீனை என் விருப்பப்படி முறுகப் பொரித்து, பாரிசில் இருக்கும் தங்கச்சியோடு போனில் சத்தம் போட்டுச் சிரித்துக் கதைக்கலாம்.

அதற்குத்தான் போன வசந்தத்தில் ஆபத்து வந்தது. இவருக்கு விரல் மூட்டுகள் வீங்கிப் பிடிப்புக் குறைந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை சுடும்போது துவக்கு கையில் வழுக்கி, குழல்வாய் மேலே எழும்பிவிட்டதாம். அங்கே எல்லாவற்றையும் கவனிக்கிற தொப்பிக்காரர் ஒருவர் இருக்கிறார், இவர் வயதுதான். அவர் தன்மையாகச் சொன்னாராம், பிடிக்கு ஒரு வழி பார்த்துக்கொண்டு வா, இன்னொருமுறை வழுக்கினால் இனி நீ சுட வேண்டாம் என்று.

இவர் வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான்.

"அப்ப வேற சின்னத் துவக்கொண்டு வாங்குங்கோவன்" என்றேன்.

"உமக்கு விளங்காது. இப்ப சட்டம் மாறியிட்டுது. கைத்துவக்கு வாங்கவும் ஏலாது, விக்கவும் ஏலாது. இருக்கிறதை வைச்சுக்கொள்ளத்தான் விடுவினம். இதுதான் கடைசி."

"கடைசியெண்டால்?"

"கடைசியெண்டால் இனிச் சனிக்கிழமையும் நான் வீட்டிலதான்."

சனிக்கிழமையும் மேஸ்திரியோ! அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன், இந்தத் துவக்கு இவர் கைக்குள் நிற்க வேண்டும்.

இவர் கைக்கு ஏற்றபடி மரத்தில் பிடி கடைந்தால் சரி. மரத்துக்குக் குறைவில்லை, அடுத்த தெருவில் யாரோ குப்பைக்கு வைத்த மேப்பிள் மேசைக்கால் ஒன்று எங்கள் கராஜில் கிடந்தது. ஆனால் கையின் அளவை எப்படி எடுப்பது? இவர் வரைந்தார், அளந்தார், அழித்தார், பேசினார். நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். பிடிக்கொழுக்கட்டை என்று எதற்குப் பெயர் வைத்தார்கள்? கையால் பிடித்தால் விரல் அச்சு அப்படியே மாவில் நிற்கும். வறுத்த அரிசிமாவைக் கொதிநீர் விட்டுக் குழைத்தேன். துவக்கோடு சேர்த்து அவிக்க முடியாது என்ற அளவு புத்தி எனக்கும் உண்டு. அதனால் இவர் பிடிப்பக்கத்து இரும்பின் வடிவில் ஒரு மெல்லிய பலகை வெட்டித் தந்தார். அதைச் சுற்றி மாவை அப்பி, "இப்ப பிடியுங்கோ, நோகாமல் எப்பிடிப் பிடிப்பீங்களோ அப்பிடி" என்றேன். பிடித்தார். விரல் விரலாகப் பதிந்தது. இடியப்பத் தட்டில் வைத்து அவித்து, ஹீற்றர் காற்று வரும் இடத்தில் காயவைத்தேன்.

மறுநாள் பிக்கரிங்கிலிருந்து மகள் வந்தாள். வந்தவள் தின்கிற கொழுக்கட்டை என்று நினைத்து ஒரு வாய் கடித்துவிட்டாள்.

"அம்மா, என்ன இது? சோல்ற்றும் இல்லை, சுகரும் இல்லை. உள்ளுக்குப் பலகை வேற!"

"அடி விசரி, அது கொப்பான்ர துவக்கு!"

"வாட்?"

அவளுக்கு விளங்கப்படுத்தி முடிக்கத் தேத்தண்ணி ஆறிவிட்டது. சின்னவிரல் இருந்த இடம் அவள் வயிற்றுக்குள். பிறகு இன்னொன்று பிடித்து, அவித்து, காயவைத்து, அலுமாரிக்கு மேலே வைத்தோம். அதைப் பார்த்துப் பார்த்து இவர் மேசைக்காலைச் செதுக்கினார். அரம் போட்டு, எண்ணெய் பூசி, ரப்பரைக் கழற்றி மரப்பிடியைப் பூட்டினார். கைக்குள் போய் இருந்ததும் இவர் முகத்தில் ஒரு சிரிப்பு.

அதோடு விட்டிருக்கலாம். புதுப் பிடிக்கு மேலே அந்தக் கீறல் உடம்பைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டில் ஒரு கரண்டிகூட அப்படி இருந்ததில்லை.

"தாங்கோ, நான் தேய்ச்சுத் தாறன்."

குண்டு இல்லை என்று உருளையைத் திறந்து காட்டிவிட்டுத் தந்தார். எனக்கு லைசென்ஸ் இல்லாதபடியால் சட்டப்படி பக்கத்திலேயே இருந்தார், கண் மட்டும் கிரிக்கெட்டில். மெல்லிய அரத்தாளை நனைத்து ஒரே பக்கமாக இழுத்தேன். எவர்சில்வரை வட்டமாகத் தேய்த்தால் வட்டமாகவே கீறும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கீறல் போனதும், "காணும், இந்த மங்கலோட விடும்" என்றார். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. மினுக்கும் பசையை எடுத்துக் கோயில் திருவிழாவுக்குக் குத்துவிளக்கு மினுக்குவதுபோல் நுனிவரை மினுக்கினேன். என் மூக்குத்தி அதில் தெரியும்வரை விடவில்லை.

சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வழியில் கோயிலடியில் நிறுத்திக் கும்பிட்டோம். துவக்குப் பெட்டியைத் தனியே விடக்கூடாது என்று இவர் காருக்குள் இருந்தபடியே கும்பிட்டார், நான் உள்ளே போய் வந்தேன்.

கிளப் திறந்த வெளி. நல்ல வெயில். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் தந்தார்கள். இவர் சுட்டார். துவக்கு அசையவில்லை, பாறைபோல் நின்றது. தொப்பிக்காரர் தலையாட்டினார். கடதாசியைப் பார்த்தால் கறுப்பு வட்டத்தில் ஒன்றும் இல்லை. ஒன்று மூலையில், ஒன்று அடியில், மற்றதெல்லாம் கடதாசிக்கே வரவில்லை.

"என்னப்பா நடந்தது?"

"நீர் மினுக்கினீர் எல்லே! நுனியில இருக்கிற குறியைக் காணேல்லை. சூரியன்தான் தெரியுது!"

தொப்பிக்காரரும் வந்து பார்த்தார். பிடி அருமை, ஆனால் எங்கே சுடுகிறோம் என்று தெரியாமல் சுட விடமாட்டேன், தேநீர் குடித்த பிறகு இன்னொருமுறை பார்ப்போம், இல்லையென்றால் மன்னித்துக்கொள் என்றார். இவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாங்குப் பலகையில் குந்தியிருந்து பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்கு என் சனிக்கிழமை கண்முன்னே கரைந்து போனது. கைப்பையைத் திறந்து முகம் துடைக்கத் துண்டு தேடினேன். திருநீறு மடித்த கடதாசிச் சரையும் கோயிலில் மிஞ்சின கர்ப்பூரப் பெட்டியும் கையில் தட்டுப்பட்டன. அப்போதுதான் நினைவு வந்தது. வாழ்க்கை முழுக்க நான் மினுக்கி வைக்கிற தட்டையெல்லாம் கறுப்பாக்குகிற சனியன் எது? இந்தக் கர்ப்பூரம்தானே!

"இஞ்சேருங்கோ, அந்தக் குறிக்குக் கரி பிடிப்பம்."

இவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு எழும்பிப்போய்த் தொப்பிக்காரரிடம் இங்கிலீசில் விளக்கினார். வெற்றுத் துவக்கு என்று காட்டி, குண்டெல்லாம் தூரத்தில் வைத்து, ஒரு கோப்பி டின் மூடியில் கர்ப்பூரம் கொளுத்தினோம். தொப்பிக்காரர் தண்ணீர் வாளியோடு பக்கத்தில் நின்றார். இவர் துவக்கின் நுனியைப் புகையில் காட்டினார். நல்ல மங்கலான கறுப்பு, துளிகூட மினுக்கமில்லை, பிள்ளைக்கு மை வைத்த மாதிரி.

"பொட்டு வைச்சாச்சு. இனிக் கண்ணூறு படாது" என்றேன்.

"முதல்ல கண்ணுக்குத் தெரியட்டும்" என்றார் இவர்.

தெரிந்தது. எல்லாக் குண்டும் கறுப்பு வட்டத்துக்குள். தொப்பிக்காரர் கடதாசியைக் கழற்றி இவர் கையில் கொடுத்து, அடுத்த சனிக்கிழமையும் வா என்றார். அதற்குள் இரண்டு மூன்று கிழவர்கள் தங்கள் துவக்கோடு வரிசையில். எல்லாருக்கும் என் கர்ப்பூரம் வேண்டுமாம். அந்த அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவாவா என்று இவரிடம் கேட்டார்கள்.

"வருவீரே?" என்றார் இவர், ஆசையாக.

"எனக்குச் சனிக்கிழமை வேலை இருக்கு."

துவக்கை மங்கலாக்க விடும், பாத்திரம் தேய்க்கிற பச்சைத் தும்பால் ஒரு இழுவை இழுத்தால் போதும் என்று இவர் இன்றைக்கும் கெஞ்சுகிறார். மினுக்கினது மினுக்கினதுதான். இன்றைக்குச் சனிக்கிழமை, காலையில் ஒரு கர்ப்பூரப் பெட்டியை இவர் சட்டைப் பைக்குள் போட்டு, நெருப்புப்பெட்டியை மறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். கார் திரும்பும்வரை கதவடியில் நின்றேன். பிறகு நெருப்பைக் கூட்டி, மீனைப் போட்டுவிட்டு, தங்கச்சிக்குப் போன் எடுத்தேன்.