கேள்விப் பெஞ்சின் வாத்தியார்

நாசரேத்துப் பக்கத்திலிருந்து ராயபுரம் வந்த வேதமாணிக்கம், மாமா தவசிமுத்துவின் மண்டியில் இரண்டு வருஷம் புளி நிறுத்தார். இன்டர்மீடியட்டில் தோற்றவர். இங்கிலீஷில் மட்டும் தேறியிருந்தார். புளிக்கு அது தேவைப்படவில்லை.

சுதந்திரம் வந்த மறு வருஷம், மீனவர் குப்பத்து வலைக் கொட்டகையில் சாயங்கால இங்கிலீஷ் வகுப்பு தொடங்கினார். குப்பத்துத் தலைவர் திருமலை ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எம்புள்ள தேசப்பனுக்குக் கப்பல் கம்பெனி லாஞ்சுல வேலை கெடைக்கணும். கெடைச்சா கொட்டாய் உன்து வாத்யாரே. இல்லாங்காட்டி எங்களுக்கு வலை கீது, வைக்கணும்."

கொட்டகை போனால் மறுபடி புளி. வேதமாணிக்கம் ஒப்புக்கொண்டார்.

அவர் முறை சுலபமானது. எதிரெதிரே இரண்டு பெஞ்சு. ஒன்று கேட்கும், மற்றது பதில் சொல்லும். வாரம் ஒருமுறை இடம் மாறிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். ஆனால் பையன்கள் கட்டுமரத்தில் உட்காருவதுபோலவே உட்கார்ந்தார்கள். மரத்தில் பின்னால் இருப்பவன் குரல் கொடுப்பான், முன்னால் இருப்பவன் பதில் கொடுப்பான். அப்பன் இருந்த இடம்தான் பிள்ளைக்கும். பின்னாடி ஆட்களெல்லாம் கேள்விப் பெஞ்சு, முன்னாடி ஆட்களெல்லாம் பதில் பெஞ்சு. கட்டுமரத்தில் இடம் மாறினால் கடல் கோபிக்கும், கொட்டகையில் மாறினால் யார் கோபிப்பார்கள் என்று வேதமாணிக்கம் கேட்டுப் பார்த்தார். பதில் பெஞ்சுகூட வாய் திறக்கவில்லை.

கம்பெனியிலிருந்து நேர்முகக் கடிதம் வந்ததும், கேள்விப் பெஞ்சில் இருந்த தேசப்பனிடம் போனார்.

"தேசப்பா, இந்த ஒரு வாரமாவது அந்தப் பதில் பெஞ்சுல உக்காருய்யா."

"அது கருணாகரன் எடம் சார். இன்னாத்துக்கு பேஜாரு பண்ணிகினு கீறே?"

"அப்பிடிச் சொல்லு மாமு!" என்றான் எதிர்ப் பெஞ்சிலிருந்து கருணாகரன்.

நேர்முக நாளில் வேதமாணிக்கமும் கூடப் போய்த் துரையின் அறைக்கு வெளியே உட்கார்ந்தார். அரைக்கதவு, எல்லாம் காதில் விழுந்தது. துரை பெயரைக் கேட்டார். உள்ளே சத்தமில்லை. மறுபடி கேட்டார். தேசப்பன் பொறுமையாக இருந்தான். கேள்வி வந்தால் கருணாகரன் பதில் சொல்வான், அதுதானே வழக்கம். கருணாகரன் இல்லை என்பது உறைத்ததும் தன் வேலையை ஆரம்பித்தான்.

"வாட் இஸ் யுவர் நேம்?"

துரை திகைத்துப்போய்ப் பெயரைச் சொல்லிவிட்டார். எத்தனை வருஷம் கப்பலில் இருந்தார், அப்பா உயிரோடு இருக்கிறாரா, காலையில் என்ன சாப்பிட்டார், கல்யாணம் ஆகிவிட்டதா என்று தேசப்பன் ஒரு பிழை இல்லாமல் கேட்டுக்கொண்டே போனான். நாலைந்து கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் துரைக்குச் சுய நினைவு வந்தது.

குப்பத்துக்குத் திரும்பியதும் திருமலை வழிமறித்தார். "இன்னாடா ஆச்சு?"

"நான் கேட்டுகினே இருந்தேன் நைனா. தொரை பதில் சொல்லிகினே இருந்தான்."

"வெள்ளைக்காரனா? பதில் சொன்னானா?"

"கடைசில எய்ந்தே நின்ட்டான்."

துரை எழுந்தது வாசலைக் காட்டுவதற்காக. அது வேதமாணிக்கத்துக்குத் தெரியும். கொட்டகையைப் பார்த்தார். புளியை நினைத்தார். வாயை மூடிக்கொண்டார்.

"வேலை கெடக்குது, வுடு," என்றார் திருமலை. "கொட்டாய் உன்து வாத்யாரே."

அடுத்த வாரம் கருணாகரன் அதே கம்பெனிக்குப் போய், கேட்டதற்கெல்லாம் அடக்கமாகப் பதில் சொல்லி வேலையை வாங்கிக்கொண்டான். குப்பத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதில் பெஞ்சில் மிச்சமிருந்தவர்களும் அப்பன் இடத்தை மறந்து, வெள்ளைக்காரனையே எழுந்து நிற்க வைத்த கேள்விப் பெஞ்சுக்குத் தாவி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடல் ஒன்றும் கோபிக்கவில்லை.

பதில் பெஞ்சில் ஆளில்லாததால் வேதமாணிக்கமே போய் உட்கார்ந்தார். பதினோரு வருஷம் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் திருமலையே வந்து எதிர்ப் பெஞ்சின் நடுவில் குந்தி, மீசையைத் தடவிக்கொண்டு, தேசப்பன் காதில் ஓதியதை அப்படியே கேட்டார்.

"ஆர் யூ மேரீட்?"

"நோ, சார்," என்றார் வேதமாணிக்கம்.