ரைஹானத் அக்காவின் 'நம்மாளு'

தம்ளரை வாயருகே கொண்டுபோன ரைஹானத் அக்கா பாதியில் நிறுத்துகிறார். கண் டீயில் இல்லை. திரையின் அடியில் நிமிஷத்துக்கு ஒன்றாக ஏறிவரும் பச்சை வரியில் இருக்கிறது. அடுத்த வரி வந்த பிறகுதான் ஒரு மடக்கு குடிக்கிறார். அதற்குள் டீ ஆறிப்போகும். "ஆறுனா என்ன, டீ இல்லன்னு ஆயிருமா?" என்பார்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறை இது. பத்து டெர்மினல், எல்லாவற்றுக்கும் சேர்த்து மூலையில் ஒரே சர்வர். அந்தப் பெட்டி படுத்துவிட்டால் நாங்கள் பத்துப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதைப் படுக்காமல் பார்த்துக்கொள்வது அக்காவின் உத்தியோகம்.

மேலப்பாளையத்திலிருந்து டவுண் பஸ்ஸில் வருவார். கைப்பை கிடையாது. பஸ் பாஸ், சாவி, பென்சில் மூன்றும் டிபன் பாக்ஸின் மேல்தட்டில் வரும். கீழ்த்தட்டில் நாலு இடியாப்பம். எதைப் பார்த்தாலும் அவருக்கு எழும் முதல் கேள்வி, "இது எம்புட்டு கனம்?" மேசை டைரியில் முடிந்துபோன மாதத்தை அப்படியே கிழித்து எறிந்துவிடுவார். வருஷக் கடைசியில் அட்டை மட்டும் இருக்கும்.

சர்வரைக் கண்காணிக்க என்று வெளியூர்க் கம்பெனி ஒன்று ஒரு பாக்கேஜ் கொடுத்துவிட்டுப் போனது. கட்டம், வட்டம் எல்லாம் போட்டுக் காட்டும். அது ஓட ஆரம்பித்த நாளிலிருந்து ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வருவதற்குள் ஒரு கொட்டாவி விட்டு முடித்துவிடலாம். "நாடி பாக்க வந்த வைத்தியரு நோயாளி நெஞ்சு மேல ஏறி உக்காந்தா அவன் எப்படி மூச்சு விடுவான்?" என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு அக்கா தாமே ஒன்று எழுதினார். முழுதாக ஒரு பக்கம்கூட இல்லை. நிமிஷத்துக்கு ஒரு தடவை விழிக்கும். டிஸ்கில் இடம் எவ்வளவு, மெமரி எவ்வளவு, எத்தனை வேலை காத்து நிற்கிறது என்று பார்க்கும். ஒரு வரி எழுதிவிட்டுத் தூங்கப் போய்விடும். இடம் குறைந்தால் மட்டும் 'பீப்' என்று கத்தும். இப்படிப் பின்னால் ஓசைப்படாமல் ஓடுவதை அந்தத் தொழிலில் டீமன் என்கிறார்கள். அக்காவுக்கு அது "நம்மாளு".

"நம்மாளு எழுதுத வரியில மொத எண்ணு என்ன தெரியுமா தம்பி? அவன் எடுத்துக்கிட்ட மெமரி. அவன் யோக்கியதய அவந்தான மொதல்ல சொல்லணும்?"

எங்கள் சூப்பரின்டென்டென்ட் சிவசண்முகம் சாருக்கு இந்த நம்மாளு மேல் ஒரு கண். ஒருநாள் வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "ஏம்மா, எவன் எத்தன எழுத்து அடிக்கான், எவன் சும்மா உக்காந்திருக்கான்னு அதையும் சேத்து எழுதச் சொல்லேன்."

"கனம் கூடிரும் சார். மிசினு தாங்காது."

அவர் போன பிறகு, "நெசமாவே தாங்காதாக்கா?" என்று கேட்டேன்.

"நாலு வரிதான். மிசினு நல்லாத் தாங்கும்" என்றார். "எனக்குத்தான் தாங்காது."

இனி என் கதை. அப்போது நான் தற்காலிக டைப்பிஸ்ட். நிரந்தர உத்தரவு அந்த மார்ச்சில்தான் வரவேண்டும். சிவசண்முகம் சார் எழுதும் ஒரு குறிப்பில் என் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது. இன்று உத்தரவு என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, சாரும் ஓய்வு பெற்றுவிட்டார். ஆகவே தைரியமாக எழுதுகிறேன்.

ஆயிரத்து எண்ணூறு மாணவர்களின் மதிப்பெண்ணை மூன்று வாரமாக அடித்து முடித்திருந்தோம். மறுநாள் காலையில் பட்டியல் போயாக வேண்டும். நகல் எடுக்கும் டேப் கருவியோ பழுது பார்க்க மதுரை போயிருந்தது. நான் பிரிண்ட் கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வளர்ந்த கை இது. எழுத்து விழவில்லையென்றால் ஓங்கி இன்னொரு தட்டு என்பதுதான் அங்கே பாடம். தட்டினேன். மறுபடி மறுபடி தட்டினேன். பிரிண்டரின் சுவிட்சையே யாரும் போடவில்லை என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தட்டுக்கும் பட்டியல் முழுசாக ஒரு பிரதி டிஸ்கில் போய் வரிசையில் நிற்கிறது என்பதும் தெரியாது.

'பீப்' என்றது நம்மாளு.

"ஒருத்தரும் சேவ் பண்ணாதீய! கைய எடுங்க, எல்லாரும் கைய எடுங்க!"

அக்கா கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிரிண்டுதான் வரவில்லை, மார்க்கையாவது சேமித்து வைப்போம் என்று தட்டிக்கொண்டிருந்த என் விரல் அப்போது சேவ் கட்டளையின் கடைசி எழுத்தில் இருந்தது. எடுத்துவிட்டேன். சேமிக்கும்போது எங்கள் சர்வர் பழையதைத் துடைத்துவிட்டுத்தான் புதியதை எழுதும். எழுத இடமில்லையென்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. மூன்று வார உழைப்பு அந்த விரல் நுனியில் நின்றது. அந்த ஒரு பக்க எழுத்துக்கும் அதை எழுதிய கைக்கும் நான் உயிருள்ளவரை கடன்பட்டவன்.

காத்து நிற்கும் வேலைகளை அக்கா திரையில் வரவழைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். முப்பத்தேழு வரி. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கோமதிசங்கர், கோமதிசங்கர் என்று என் பெயர்.

சத்தம் கேட்டு சிவசண்முகம் சார் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "என்னம்மா ஆச்சு?"

"டிஸ்கு நெறஞ்சிட்டு சார். மார்க்கெல்லாம் பத்திரமா இருக்கு. இந்தா, இப்பச் சரியாயிரும்."

"ஆரு செஞ்ச வேல இது? ஆருன்னு கேக்கேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைப்பக்கம் குனிய வந்தார்.

அக்கா இடது கையைத் திரையின் ஓரத்திலிருந்த வெளிச்சக் குமிழுக்குக் கொண்டுபோய் முழுக்கத் திருகினார். எழுத்தெல்லாம் அணைந்தது. பிறகு அந்த இருட்டுத் திரையையே பார்த்தபடி, வலது கையால் என் வரிகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார்.