ஜெயப்பிரியா பேசிய சோளச் சம்பந்தம்

என் இளைய மருமகள் ஜெயப்பிரியா வத்தலக்குண்டுப் பக்கத்துப் பெண். பள்ளங்கிக்கு வாக்கப்பட்டு வந்த நாளாக அவளுக்கு ஒரே ஆதங்கம். எங்கள் மலை மக்காச்சோளம் கதிர் பெருத்து நிற்கும். முற்றுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துப் பூஞ்சை அடித்துவிடும். அவள் ஊர்ச் சோளமோ வெரசாக விளையும், கதிர்தான் சிறுசு. இரண்டையும் கலந்தால் என்ன?

"சோளத்துக்குச் சம்பந்தம் பேசுறியாக்கும்! தாம்பூலம் மாத்தியாச்சா?" என்று சிரித்தான் அவள் புருஷன் குகன்.

"மாத்தியாச்சு. நீங்க மேளத்துக்குச் சொல்லுங்க."

மூத்தவன் ஞானவேல் தன் பூண்டுக்காட்டில் ஒரு துண்டை விட்டுக்கொடுத்தான். "இந்த ஒரு வெள்ளாமைதான். வெறுங்கதிர் வந்துச்சுன்னா திரும்பவும் பூண்டுதான்."

எங்கள் வீட்டில் நல்ல நாள் பார்த்து எடுத்த விதையெல்லாம் அன்றைக்கே மண்ணில் விழ வேண்டும். மிச்சத்தை வீட்டுக்குத் திருப்புவதில்லை. அவளும் அப்படியே இரண்டு விதையையும் ஒரே நாளில் வரிசை மாற்றிப் போட்டாள். அங்கேதான் தப்பு. அவள் ஊர்ச் சோளம் முந்திக்கொண்டு உச்சியில் ஆண்பூ விட்டு, மகரந்தத் தூளையெல்லாம் காற்றில் கொட்டிக் காய்ந்துவிட்டது. மலைச்சோளத்தின் ஆண்பூவையோ, தன்னோடு தானே கலந்துவிடக் கூடாதென்று, எட்டிப் பார்த்ததுமே அவள் ஒடித்துவிட்டிருந்தாள். பிறகு மலைச்சோளக் கதிரில் பட்டு இழை தொங்கியபோது தூவத் தூள் இல்லை! இழைக்கு ஒரு மணி. தூள் விழாத இழைக்கு மணியே இல்லை.

"பூண்டுக்கு நிலத்தைக் கொத்தச் சொல்லட்டா?" என்றான் ஞானவேல்.

"ஏலே, சும்மா இரு. பட்டு இன்னும் வாடாமத்தான் கெடக்கு," என்றேன்.

அந்நேரம் கீழ் மூலையிலிருந்து ஜெயப்பிரியா கத்தினாள்: "அத்தே, வெரசா வாங்க! இங்கன பூ வெடிக்குது!"

பயிர் சிறுசாக இருக்கையில் காட்டுமாடு மிதித்த இடம் அது. அங்கே, பிறந்த வீட்டிலிருந்து வரவழைத்து மறுபடி ஊன்றிய அவள் ஊர் விதை, பிந்தி முளைத்ததால் பிந்திப் பூத்திருக்கிறது! பனி காய்ந்ததும் பூவை உதறிக் காகிதப் பையில் பிடித்தாள். கதிர் கதிராகத் தூவினோம்.

"மாப்பிள்ளை வந்துட்டாரா?" என்று ஓடி வந்தான் குகன்.

"வந்துட்டாரு. வழியை விடுங்க!"

அறுப்பன்று முதல் கதிரை உரித்தாள். அடிமுதல் நுனிவரை மணி! சில கதிர்கள் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தன, இருக்கட்டுமே. இந்த விதை முந்தி விளையுமா என்பதை அடுத்த விதைப்புதான் சொல்ல வேண்டும். அதற்கு நிலம் வேண்டும்.

"பூண்டு..." என்று இழுத்தான் ஞானவேல்.

"பூண்டை வேற எங்கிட்டாவது போடு. இந்தத் துண்டு அவளுக்குத்தான்," என்றேன்.

ஜெயப்பிரியா எங்களைக் கவனிக்கவே இல்லை. விதைக்கென்று கொழுத்த கதிர்களைப் பொறுக்கி, தோகையோடு தோகை முடிந்து, தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.