கேரம் போர்டில் நான் தூவிய பவுடர்

கேரம் பவுடரின் அந்த வழவழப்பு இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது... ஆடி முடித்தால் நகக்கண் எல்லாம் வெள்ளையாக இருக்கும்.

ஏழாவது முடிந்து முழுப்பரீட்சை லீவு. உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊரில் மதிய வெயிலில் வெளியே கால் வைக்க முடியாது. நெல் மூட்டை அடுக்கிய அறையில் போர்டைப் போட்டு அண்ணன், பக்கத்து வீட்டு செல்வி, நான் மூவரும் ஆடுவோம். ரெட்டுக்குக் குறி வைக்கும் முன் செல்வி ஆட்காட்டி விரலை நக்கிக்கொள்வாள். அது அவளுக்கு ராசியாம்! அண்ணன் எவ்வளவு திட்டினாலும் விடமாட்டாள்.

அன்று பவுடர் தீர்ந்துவிட்டது. ஸ்டிரைக்கர் சண்டி மாடு மாதிரி நகரவே இல்லை. தோற்றுக்கொண்டிருந்த எரிச்சலில் நான் எழுந்து போய், மூட்டைக்குப் பின்னால் பழைய ஊறுகாய் பாட்டிலில் இருந்த வெள்ளைப் பொடியைக் கொண்டுவந்து தூவினேன். மீதி கேரம் பவுடரை யாரோ கொட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஆட்டம் பறந்தது...

நடுவில் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். சொம்பை வாயருகே கொண்டு போனதும் கையில் அந்த வாடை. மூட்டையைச் சுற்றி அப்பா போடும் எறும்பு மருந்து! அறை முழுக்க எப்போதும் அதே வாடை என்பதால் உள்ளே தெரியவில்லை.

சொன்னால் அப்பா தோலை உரித்துவிடுவார். சொல்லாவிட்டால்... கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு உள்ளே போனேன்.

"போதும்டி, எடுத்து வெக்கலாம்" என்றேன்.

"தோக்கப் போறன்னு எந்திரிக்கிறியா? குந்துடி!" என்று சிரித்துவிட்டு, செல்வி மறுபடி விரலை வாயில் வைத்தாள்.

நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். செல்வி குபுக்கென்று வாந்தி எடுத்துச் சாய்ந்தாள். கை கால் எல்லாம் உதறியது. அம்மா ஓடி வந்து, "இன்னாடி துன்னீங்க? வாயத் தொறந்து சொல்லு!" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். அப்போதுதான் சொன்னேன்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். செல்வியின் அம்மா வயலில் இருந்து சேற்றுக் காலோடு வந்து சேர்ந்தாள். "எப்போ உள்ள போச்சு? நீ எப்போ பாத்த?" என்று டாக்டர் கேட்டார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"இப்பதான் சார்... தெரிஞ்சதும் சொல்லிட்டேன்."

பொய். அவ்வளவு சரளமாக வந்தது எனக்கே பயமாக இருந்தது.

மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது. அந்த மூன்று நாளும் வாசலில் யார் வந்தாலும் சாவுச் சேதிதான் என்று நடுங்கினேன். பிழைத்து வந்தாள். அவள் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ ஒடனே சொன்னங்காட்டி எம் பொண்ணு பொழச்சிக்கினா கண்ணு" என்று அழுதாள். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. இரண்டு அடி போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது செல்வி செங்கல்பட்டில், நான் சென்னையில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போனில் கேரம் ஆடுகிறோம். பவுடரே வேண்டாம், தொட்டாலே ஸ்டிரைக்கர் ஓடுகிறது. ஆனாலும் அவள் ஆட இரண்டு நிமிடம் லேட் ஆனால் போதும், எனக்கு வியர்த்துவிடும். போன வாரம் தன் மகளிடம் போனைக் கொடுத்து, "அம்மா உயிரக் காப்பாத்தின அத்தை இவங்கதான், பேசு" என்றாள். குழந்தை தேங்க்ஸ் சொன்னது. சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

செல்வி, என் பதிவு ஒன்று விடாமல் நீ படிப்பாய் என்று தெரியும். அந்த ஒரு மணி நேரமும் எனக்குத் தெரியும்டி...

வரும் ஞாயிறு ஆட வருவாயா?