வராத அந்த 'டக்' சத்தம்

அய்ய, யாரு ஜெயிச்சான்னு உனக்கு இன்னாத்துக்குடி? எங்க வூட்டுக்காரரு அனுப்சாரா, போயி கேட்டுக்கினு வான்னு? கெழவி வாயத் தொறக்கலன்னு போயி சொல்லு. என்ன நடந்துதுன்னு மட்டும் சொல்றேன், உக்காரு. நடுவுல நோண்டினா எழுந்து போயிடுவேன்.

போன மாங்கா சீசன்ல, ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம். சித்தூர்ல, எங்க வூட்டு ஹால்ல நடந்தது. தெரு பூரா மாங்கா லாரி நின்னுக்கினு, ஈ மொய்ச்சுக்கினு கீது. சர்ச்சு முடிஞ்சு அப்பத்தான் நாங்க ரெண்டு பேரும் வூட்டுக்கு வந்தோம்.

எங்களுக்கு ஒரு பைத்தியம் கீது. ஜப்பான்காரன் கத்திச் சண்ட படம். திருப்பதியில கீற எம் பொண்ணுதான் டிவிக்கு நெட்டு போட்டுக் குட்த்தா, பிரசங்கம் கேளுங்கம்மான்னு. பிரசங்கம் தேடப் போயி எங்க வூட்டுக்காரரு ரிமோட்டுல எதையோ அமுக்கிட்டாரு. கொண்ட போட்ட ஒருத்தன் பாவாட மாதிரி ஒண்ணக் கட்டிக்கினு, இடுப்புல ரெண்டு கத்தியோட மழையில நடந்து வந்தான். அன்னியோட பிரசங்கம் போச்சு.

பாஷ ஒண்ணும் புரியாது. கீழ ஓடறது இங்கிலீசு. எனக்குத் தமிழே தடவித் தடவித்தான். அதனால நானே வசனம் போட்டுடுவேன். மீசக்காரன் மொறச்சான்னா, "கொழம்புல உப்பு இல்லன்னு சொன்னது எவன்டா"ம்பேன். இவரு பேசவே மாட்டாரு. கரும்பு மில்லு சத்தத்துலயே வேல செஞ்ச மனுஷன், அங்க கூச்சல் போட்டுப் பேசி என்னா பிரயோஜனம்னு பேச்ச வுட்டுட்டாரு. ஆனா ஒண்ணு. எல்லாரையும் வெட்டிட்டு, கத்திய ஒரு ஒதறு ஒதறி, மெதுவா ஒறையில சொருகுவான் பாரு, அப்ப மட்டும் நாக்க மேல ஒட்டி 'டக்'னு ஒரு சத்தம் குடுப்பாரு. தூங்கி வழிஞ்சாலும் அந்த எடத்துக்கு முழிச்சுக்குவாரு. 'டக்.' அது வந்தாத்தான் எனக்குச் சண்ட முடிஞ்ச மாதிரி.

அந்த சண்டையில என்னா அழகு தெரியுமா? நம்ம படத்துல பத்து பேரு பறப்பான், மேஜ ஒடையும். இவனுங்க நிப்பானுங்க. காத்தடிக்கும், புல்லு ஆடும், ஒருத்தனும் ஆட மாட்டான். நமக்கு மூச்சு முட்டும். ஒரே வீச்சு. எவனோ ஒருத்தன் கீழ கெடப்பான்.

அன்னிக்கும் அப்டித்தான். இவருக்கு சக்கர வியாதி. ஊசியப் போட்டுக்கினு உடனே துன்னணும். ஊசியும் போட்டுக்கினாரு. மாங்கா பருப்பு, சோறு, எதிர்ல வெச்சேன். ஜெபம் பண்ணிட்டு துன்னுய்யான்னேன். அதுக்குள்ள டிவியில ரெண்டு பேரு எதிரெதிர வந்து நின்னானுங்க.

"இரு மே, இந்த வெட்டு ஆவட்டும்"னாரு.

அந்தப் பாவிங்க வெட்டல. நின்னானுங்க. நின்னுக்கினே கீறானுங்க. நடுவுல ஒருத்தன் பழச நெனச்சுக்கினான். பொண்டாட்டி, கொழந்த, எரிஞ்சுபோன வூடு, எல்லாத்தையும் காட்டிட்டு திரும்ப வந்து அதே எடத்துல நின்னான். நானும் வாயப் பொளந்துக்கினு கீறேன். முழங்கையால இவர ஒரு இடி இடிச்சேன். "எப்டி நிக்கறான் பாருய்யா, அப்டியே உன்ன மாதிரி"ன்னு சிரிச்சேன். இவரு அசையல. படத்துல அவ்ளோ ஊறிட்டாருன்னு நெனச்சேன்.

வெட்டு வுழுந்துது. ஒருத்தன் சாஞ்சான். இன்னொருத்தன் கத்திய ஒதறினான். ஒறையில சொருகினான்.

சத்தம் வரல.

திரும்பிப் பாத்தேன். நேரா உக்காந்துக்கினு கீறாரு. கண்ணு தொறந்து டிவி பக்கமே கீது, ஆனா பாக்கல. ஃபேன் ஓடுது, சட்ட தொப்பலா நனஞ்சு கீது. வாயோரம் எச்சி. கையத் தொட்டா ஐஸு. இந்த மனுஷன் பக்கத்துல உக்காந்துக்கினு நான் சிரிச்சுக்கினு இருந்தேன்டி! இன்னா கத்தினேனோ தெரியாது. பக்கத்து வூட்டுத் தெலுங்குக்காரி கரண்டியோட ஓடியாந்தா. அவ அம்மாவுக்கும் சக்கர, அதனால வந்ததும் ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"அக்கா, அன்னய்ய அன்னம் தின்னாரா?"

அப்பத்தான் தட்டப் பாத்தேன். கை படாம ஆறிக் கெடக்குது சோறு. பக்கத்துல காலி ஊசி.

நான் தண்ணி சொம்ப எடுத்தேன். "வத்து வத்து, வேணாங்க்கா, பொரை ஏறிடும்"னு கையத் தட்டி வுட்டா. ஊசி போட்டுக்கினு துன்னாததுல ஒடம்புல சக்கர எறங்கிடுச்சு, வூட்ல சக்கர எங்கன்னா. எங்க வூட்ல சக்கரையே கெடையாதுடி, நாந்தான் தொரத்தி வுட்டேன், இவரு திருடித் துன்றாருன்னு. அவ தன் வூட்டுக்கு ஓடினா, எடுத்துக்கினு வர. நான் இவர ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். அதுல மடியோரம் இருந்த பைபிள் கீழ வுழுந்து, அதுக்குப் போட்ட ஜிப்பு கவரு பொளந்துக்கிச்சு. உள்ளருந்து ஒரு காயிதப் பொட்டலம் உருண்டு வந்துச்சு.

வெல்லம்! எனக்குத் தெரியாம, வேத புஸ்தகத்துக்குள்ள!

வேற நாளுன்னா அந்த வெல்லத்தாலயே அடிச்சிருப்பேன். அன்னிக்கு அத நசுக்கி, கன்னத்துக்கு உள்பக்கமா வெரலால தேச்சேன். ஏசப்பா ஏசப்பான்னு தேய்க்கறேன். அவளும் சக்கரையோட வந்தா. அப்றம் ஆட்டோ, ஆஸ்பத்திரி, குளுக்கோஸு பாட்லு. டாக்டரு சின்ன வயசுப் பொண்ணுதான், தெலுங்குல என்ன வெச்சு வாங்கிட்டா. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா வூட்டுக்குத் தூக்கிக்கினுதான் போயிருப்பீங்கன்னா.

கட்டிலு பக்கத்துல நின்னேன். நின்னுக்கினே இருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு கண்ணத் தொறந்தாரு. என்ன மொறச்சுப் பாத்தாரு. நான் எதாவது நல்ல வார்த்த வரும்னு குனிஞ்சேன்.

"யாரு மே ஜெயிச்சான்?"

அழுவறதா அறையறதான்னு தெரியல எனக்கு. சொல்லத்தான் வாயத் தொறந்தேன். சட்டுனு மூடிக்கினேன்.

"வூட்டுக்கு வா, சொல்றேன்"னேன்.

வந்தாரு. சொல்லலியே! பொண்ணு திருப்பதியிலருந்து வந்து நெட்டையே புடுங்கறேன்னு குதிச்சா. நான் வுடல. இப்ப எங்க வூட்ல ஊசி எடுத்தா டிவி ஆஃப். தட்டு காலியானாத்தான் ரிமோட்டு. அந்தப் படம் பேரு ஜப்பான் எழுத்து, அவரால தேடவும் முடியாது. மத்த படமெல்லாம் பாக்கறோம். கத்திய ஒறையில போடறப்ப எல்லாரும் கத்தியப் பாப்பாங்க, நான் இவரு வாயப் பாக்கறேன். அந்த 'டக்' வர்ற வரைக்கும் எனக்கு மூச்சு வராது.

ஆஸ்பத்திரியிலருந்து வூட்டுக்கு வந்த அன்னிக்கே தெருவே வந்து விசாரிச்சுது. கத்திச் சத்தமும் என் கூச்சலும் சேர்ந்து கேட்டதுல, ரெண்டு பேருக்கும் வெட்டுக்குத்துன்னு நெனச்சுட்டாங்களாம். அவங்க அத்தன பேருக்கும் யாரு ஜெயிச்சான்னு சொல்லிட்டேன், மாங்கா லாரி டிரைவருக்குக் கூட. ஆனா ஒண்ணு சொல்லித்தான் அனுப்சேன்: "அவரு காதுல மட்டும் போட்றாதீங்க. அது தெரியாத வரைக்கும் அந்த மனுஷன் என்ன வுட்டு எங்கயும் போவ மாட்டாரு."